சுவாமிக்குத் திரை போட்ட பொத்தான்

பிரசன்டேஷன் செய்வது எப்படி என்று யாராவது எனக்குப் பாடம் எடுக்க வந்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பெங்களூரில் நான் வேலை செய்யும் இடத்தில் அவ்வப்போது அந்தக் கொடுமை நடக்கும். டை கட்டிய ஒருவர் வந்து, ஒரு ஸ்லைடில் ஆறு வரிக்கு மேல் கூடாது என்பதை முப்பது ஸ்லைடில் சொல்லிவிட்டு, மதியம் பிரியாணி தின்றுவிட்டுப் போவார். போன வாரம் அவருக்குக் காய்ச்சல். "நீங்கதானே சீனியர், நீங்களே நாலு டிப்ஸ் சொல்லிடுங்க மேடம்" என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். நாலு என்ன, நாற்பது சொல்வேன். ஆனால் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் கற்றது. அதை அந்தக் கண்ணாடி அறையில் சொன்னால் எடுபடாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தது திருப்பதியில். நாடு கதவைத் திறந்துவிட்டது, இனி உலகமே நம் வாசலுக்கு வரும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். உலகம் வந்ததோ இல்லையோ, எங்கள் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரும் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் அந்த சென்டர் இருந்தது. செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்ற வேண்டும். மலைமேல் ஒரு சாமி, மாடிமேல் ஒரு சாமி. சொல்லிக்கொடுத்தவர் புத்தகத்தில் இருக்கும் இங்கிலீஷைத் தெலுங்கில் வாசிப்பார், நாங்கள் புத்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அதை மனசுக்குள் தமிழாக்கிக்கொள்வோம். ஒரு மெஷினுக்கு நாலு பேர், கீபோர்டு கைக்கு வருவதற்குள் பெல் அடித்துவிடும்.

படிப்பு முடிந்ததும் ஒருத்தன் சென்னைக்குப் போனான், ஒருத்தன் பெங்களூர், இரண்டு பேர் நேராக அமெரிக்கா. எனக்குக் கிடைத்த அமெரிக்கா, சித்தூர்–திருப்பதி ரோட்டில் புத்தலப்பட்டைத் தாண்டி இருந்தது. பெரிய இரும்பு கேட், உள்ளே பாய்லர், அதற்குப் பின்னால் ஒரு ஏசி அறை, அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் முன்னால் நான். விவசாயிகளிடம் தோதாபுரி மாங்காய் வாங்கிப் பழுக்கவைத்து, கூழாக்கி, டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் இடம் அது. கிளிமூக்கு மாங்காய் என்று தமிழ்நாட்டில் சொல்வார்களே, அதேதான்.

அந்த வருஷம் மரத்துக்கு மரம் காய்த்துத் தள்ளியது. நல்லா விளைந்தால் விவசாயி கெட்டான் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். எங்கள் நைனா, அதாவது அப்பா, புத்தலப்பட்டுப் பக்கத்தில் ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். திங்கட்கிழமை கேட் திறக்கும் என்று முதலாளியே ஆள்விட்டுச் சொன்னதை நம்பி, ஞாயிறு சாயங்காலமே ஒரு டிராக்டர் லோடு மாங்காயோடு வந்து வரிசையில் நின்றுவிட்டார். அவருக்கு முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. ரோட்டோரம் புளியமரம் வரைக்கும் டிராக்டர்கள்.

கேட் திறக்கவில்லை. ஏன் என்றால், அந்த சீசனின் முதல் ஆர்டர் கல்ஃபிலிருந்து வர வேண்டும். அதைக் கொடுக்க ஒருவர் வருகிறார். அவர் ஆர்டர் கொடுத்தால்தான் பாய்லர் மூட்டுவேன், பாய்லர் மூட்டினால்தான் காய் எடுப்பேன் என்பது முதலாளியின் கணக்கு. சரி, வியாபாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மனிதர் சென்னையில் வந்து இறங்கி, திங்கட்கிழமையே வரத் தயார் என்று போன் செய்தார். முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? வீட்டில் ஒரு சுபகாரியம், வியாழக்கிழமை வாருங்கள் என்றார். சுபகாரியம் ஒன்றும் இல்லை. எங்கள் பிரசன்டேஷன் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

"சார், பத்து ஸ்லைடு இருக்கு, அதுவே போதும். நாளைக்கே வரச் சொல்லுங்க. வெளியில காய் நின்னுக்கினு கீது" என்றேன்.

"ஏமம்மா, துபாயிலேர்ந்து வர்ற மனுசனுக்குச் சும்மா எழுத்தைக் காட்டி அனுப்பறதா? எழுத்து பறந்து வரணும். செவ்வாய்க்கிழமை ஆகாது. புதன்கிழமை வாடகை புரொஜெக்டர் திருப்பதியில ஒரு கல்யாணத்துக்குப் போவுது. வியாழன் நல்ல நாளு."

ஆக, மாங்காய் காத்திருக்கட்டும், எழுத்து பறக்கட்டும்.

ஸ்லைடு செய்யும் அந்த மென்பொருளில் எழுத்தை வரவைக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும் முதலாளிக்கு வேண்டும். இடப்பக்கமிருந்து ஒன்று பறந்து வரணும், வலப்பக்கமிருந்து ஒன்று ஊர்ந்து வரணும், ஃபேக்டரி பெயர் சுழன்று சுழன்று வந்து உட்காரணும். ஒவ்வொரு எழுத்துக்கும் டைப்ரைட்டர் சத்தம் வேண்டும், ஒவ்வொரு ஸ்லைடு முடிவிலும் கைதட்டல் சத்தம் வேண்டும். கார் பிரேக் போடும் சத்தம் ஒன்று இருந்தது. அதை எங்கே வைக்கலாம் என்று அரைநாள் யோசித்து, கடைசியில் லாரிப் படத்துக்கு வைத்தார். எழுத்து அசைந்தால்தான் ஆள் பார்ப்பான் என்று நினைக்கும் புண்ணியவான்கள் இன்றும் இருக்கிறார்கள். பார்ப்பான், மறுக்கவில்லை. எதைப் பார்த்தான் என்று வெளியே வந்ததும் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம்கூட ஒரு தலைவலி மாத்திரையில் போயிருக்கும். பெரிய வினை முதல் ஸ்லைடில் இருந்தது. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையானாலும் கரும்பு ஜூஸ் கடை போர்டானாலும் முதலில் ஏழுமலையான். ஸ்லைடுக்கு மட்டும் விதிவிலக்கா? மணிச் சத்தத்தோடு இரண்டு பக்கமும் திரை விலகி சுவாமி தெரிகிற மாதிரி செய்தேன். முதலாளி எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அடுத்த ஸ்லைடுக்குத் தட்டினேன். சுவாமி போய் மாங்காய் வந்தது.

"சுவாமி எங்கம்மா?"

"அடுத்த ஸ்லைடு வந்துடுச்சு சார்."

"சுவாமியைத் தூக்கிட்டு மாங்காயை வைப்பியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சார், மலைமேலயே நம்மள ஒரு நொடிக்கு மேல நிக்க விடறாங்களா? ஜருகண்டி ஜருகண்டி, நகரு நகருன்னு தள்ளித்தானே விடறாங்க?"

"அங்க ஜருகறது நாம. சுவாமி ஜருகறது இல்ல" என்றார் முதலாளி.

அந்த மனிதர் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர்தான், ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சுவாமி ஜருகக் கூடாது என்றால் வேறு வழியில்லை. ஸ்லைடு மாஸ்டர் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு படத்தை ஒருமுறை வைத்துவிட்டால் எல்லா ஸ்லைடிலும் பின்னணியில் அது தானாக வந்துவிடும். கம்பெனிச் சின்னத்தை ஓரமாக வைப்பதற்காகச் செய்துவைத்த வசதி அது. நாங்கள் சுவாமியை வைத்தோம், நிற்கும் கோலத்தில், ஸ்லைடு உயரத்துக்கு. அப்புறம் கணக்குப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, சுவாமி முகத்தின் மேல் எழுத்து வரக் கூடாது என்றார். மார்பில் தாயார் இருக்கிறார், அங்கேயும் கூடாது. பாதத்தின் மேல் எழுதினால் குடும்பத்துக்கு ஆகாது. மிச்சம் இருந்தது வலப்பக்கம் ஒரு ரிப்பன் அகலம். ஏற்றுமதி, தரம், டின் அளவு எல்லாவற்றையும் அந்த ரிப்பனுக்குள் ஒரு வார்த்தைக்கு ஒரு வரியாக இறக்கினேன். அந்த ஒற்றை வார்த்தையும் டைப்ரைட்டர் சத்தத்தோடு எழுத்தெழுத்தாக விழும்.

கடைசி இடி, டாய்லெட். கூலிக்கு வரும் பெண்கள் கை கழுவும் இடம், டாய்லெட் இரண்டையும் காட்ட வேண்டும் என்று கல்ஃப்காரர் முன்கூட்டியே எழுதியிருந்தார். மாம்பழம் வெட்டும் கை அல்லவா, கேட்கத்தானே செய்வார்கள்? அவருக்காகவே புதுசாக ஒன்று கட்டியிருந்தோம். அதைப் படம் எடுத்து ஸ்லைடில் வைத்தேன். பின்னால் சுவாமி நிற்கிறார்.

முதலாளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கண்ணைத்தான் பொத்தியிருக்க வேண்டும், பதற்றத்தில் காது அகப்பட்டது.

"அந்த ஒரு ஸ்லைடுல மட்டும் பின்னணியை எடுத்துடலாம் சார், அதுக்கு ஒரு வசதி கீது" என்றேன்.

"அதுல மட்டும் சுவாமி இல்லேன்னா, சுவாமி எங்க போனாருன்னு கேப்பாங்க இல்ல?"

யார் கேட்பார்கள்? துபாய்க்காரரா? வாதாடித் தோற்றேன். கடைசியில் அந்த ஸ்லைடை மறைத்துவைத்தேன். மறைத்த ஸ்லைடு வரிசையில் வராது, தேவைப்பட்டால் அதன் எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் வரும். இந்த ஒரு தகவலுக்காகவாவது இதைப் படிக்கிறவர்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோது தினமும் மத்தியானம் நைனாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போவேன். ஏசியிலிருந்து வெளியே வந்தால் ரோட்டு வெயில் முகத்தில் அறையும். நைனா டிராலிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருப்பார். திங்கட்கிழமை அந்தப் பக்கம் பச்சைக் காய் வாசனை. செவ்வாய் இனிப்பு வாசனை. புதன்கிழமை ஈ மொய்த்தது, அடியில் ஈரம் சொட்டியது. நைனா பக்கத்து டிராக்டர்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பயப்படாதேப்பா. எம் பொண்ணு உள்ளதான் கீது. கம்ப்யூட்டர்ல ஆர்டரு வரவைக்குது." அன்று உள்ளே போய் நான் செய்த வேலை, பிரேக் சத்தத்தை லாரிப் படத்துக்குச் சரியாகப் பொருத்தியது.

வியாழக்கிழமை அவர் வந்தார். கோட்டு, மெல்லிய மீசை, ஐம்பது வயசுக்கு நெருக்கம். முதலாளி இங்கிலீஷில் வரவேற்றார், அவரும் இங்கிலீஷில் தலையாட்டினார். அறையை இருட்டாக்கினோம். மணி அடித்தது, திரை விலகியது, சுவாமி தெரிந்தார். முதலாளி, கணக்குப்பிள்ளை, மேனேஜர் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். வந்தவரும் எழுந்தார். குனிந்து லேஸை அவிழ்த்து ஷூவைக் கழற்றினார். பரவாயில்லையே, கல்ஃபில் மரியாதை தெரிந்த ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ரிப்பன் ஓடத் தொடங்கியது. டக், டக், டக் என்று ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. ஸ்லைடு முடிந்ததும் கம்ப்யூட்டர் கைதட்டியது, அதைக் கேட்டுக் கணக்குப்பிள்ளையும் கைதட்டினார், அவரைப் பார்த்து மேனேஜரும். லாரி வந்து கிரீச்சென்று பிரேக் போட்டபோது வந்தவர் நாற்காலியோடு ஒருமுறை துள்ளி உட்கார்ந்தார். அதற்கு அப்புறம் அவர் கைக்கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பெண்களுக்கு டாய்லெட் எங்கே?

எனக்கு வேலை முக்கியம், ஆர்டர் அதைவிட முக்கியம், வெளியே நைனா. எண்ணைத் தட்டி என்டர் அடித்துவிட்டேன். சுவர் முழுக்க சுவாமி, அவருடைய வலக்கைப் பக்கத்தில் எங்கள் புது டாய்லெட், மூன்றடி உயரத்துக்கு. முதலாளி "கோவிந்தா!" என்று அலறிக்கொண்டு புரொஜெக்டரைக் கையால் மறைக்க ஓடினார். இப்போது அவருடைய ஐந்து விரலும் நிழலாகச் சுவரில் விழுந்தன, டாய்லெட் அவர் சட்டையில் விழுந்தது.

அப்போதுதான் நான் 'பி' எழுத்தைத் தட்டினேன். ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் 'பிளாக்' என்பதன் முதல் எழுத்தான இங்கிலீஷ் 'பி'யைத் தட்டினால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், மறுபடி தட்டினால் திரும்பி வரும். அந்த மென்பொருளைச் செய்தவனுக்கு மனசாட்சி இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

"சார், சுவாமிக்குத் திரை போட்டாச்சு" என்றேன்.

முதலாளி நின்றார். கோயிலில் நைவேத்தியத்துக்குத் திரை போடுவதைப் பார்த்தே வளர்ந்த மனிதர். திரை போட்டால் சுவாமி எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறார். வெளியே நாம் நம் வேலையைப் பேசலாம், ஒரு தோஷமும் இல்லை. மூச்சு விட்டார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இத்தெ மொதல்லயே செஞ்சிருக்கலாம் இல்லம்மா" என்று என்னையே திட்டினார். வந்தவர், படம் வேண்டாம், நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஷூவுக்குள் காலை நுழைத்தார், லேஸைக் கட்டக்கூட இல்லை.

டாய்லெட் பூட்டியிருந்தது. துபாய்க்காரர் வருவதற்குள் யாரும் அசிங்கம் பண்ணிவிடக் கூடாதென்று முதலாளியே பூட்டச் சொல்லியிருந்தார். சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் கேட்டில், டிராக்டர்காரர்களைத் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தான். முதலாளி தடுப்பதற்குள் வந்தவர் கேட்டை நோக்கி நடந்துவிட்டார்.

கேட் கம்பி வழியாக அவர் அந்த வரிசையைப் பார்த்தார். ஈயைப் பார்த்தார், டிராலிக்குக் கீழே தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த சாற்றைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் எங்கள் நைனா துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு, அழுகின பழத்தைப் பார்த்தவன் ஆர்டர் கொடுப்பானா என்று நினைத்தேன். வந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"எத்தினி நாளா நின்னுக்கினு கீறீங்க நைனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளிக்கு வாய் திறந்தபடி நின்றது. நைனா மட்டும்தான் ஆச்சரியப்படவில்லை. தமிழில் கேட்டால் தமிழில் பதில், அதில் என்ன இருக்கிறது?

"நாயித்துக்கெயம வந்தது சாமி. இன்னிக்குத் தொறப்பாங்கோ, நாளிக்குத் தொறப்பாங்கோன்னு குந்திக்கினு கீறோம். மேல இருக்கறதெல்லாம் போயிடுச்சு. கீய நல்லாத்தான் கீது."

"சார்... உங்களுக்குத் தமிழு..." என்று முதலாளி இழுத்தார்.

"எனக்கும் இதே சித்தூர் ஜில்லாதான் சார், குடுபல்லி பக்கம். எங்க நைனா அடுத்தவன் தோப்புல காய் அறுத்தவரு. நானும் அறுத்தேன், அப்பறம்தான் கப்பலேறினேன்" என்றார் அவர். "வந்ததுலேர்ந்து என்னை எந்த ஊருன்னு ஒருத்தருமே கேக்கலையே!"

எப்படிக் கேட்போம்? எழுத்து பறந்துகொண்டிருந்ததே.

அவர் முதலாளியிடம் குரலை உயர்த்தவே இல்லை. "ஒங்க படம் நல்லா இருந்துச்சு. அத்தெ எடுத்துக்கினு போயி எங்க கம்பெனியில காட்ட முடியாது. கூழுதான் காட்டணும். இப்பவே கேட்டைத் தொறங்க, நல்ல காயை எடை போடுங்க, பாய்லரை மூட்டுங்க. நான் இருந்து பாத்துட்டுப் போறேன். ஆர்டரு நீங்க கேட்டதுல பாதிதான். மீதி, இந்தக் காய் திங்கக்கெயம உள்ள வந்திருந்தா."

திங்கட்கிழமை வருகிறேன் என்று அவர்தான் போன் செய்தவர். முதலாளி தரையைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது, சம்பளம் வாங்கும் கை, நெரிக்கவில்லை.

கேட் திறந்தது. வாட்ச்மேன் சாவியை நீட்டியபோது அதை வாங்க ஆளில்லை. முதலாளி பிறகு எல்லாரிடமும் என்ன சொல்லிக்கொண்டார் என்றால், சுவாமியை முதல் ஸ்லைடில் வைத்ததால்தான் சுவாமியே தமிழ் பேசும் ஆளாகப் பார்த்து அனுப்பினார் என்று. அடுத்த வருஷத்துப் பிரசன்டேஷனுக்கு இன்னும் இரண்டு பிரேக் சத்தம் சேர்த்தார்.

நைனாவின் டிராக்டர் முறை வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேலே கிடந்ததைக் கையில் எடுத்தால் தோல் மட்டும் வந்தது. லோடில் பாதி தேறவில்லை. ஒரு வருஷம் தண்ணி பாய்ச்சி, மருந்தடித்து, ஆள் வைத்து அறுத்தது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"இத்தினி நாளு கேட்டை ஏம்மா சாத்தி வெச்சிக்கினு இருந்தாங்கோ?" என்று நைனா கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எழுத்து பறந்து வரணும்னு நைனா."

"எங்கேர்ந்து?"

"லெஃப்டுலேர்ந்து."

"வந்துச்சா?"

"வந்துச்சு நைனா."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, அழுகின பழத்தை இரண்டு கையாலும் அள்ளி ரோட்டோரம் போடத் தொடங்கினார். நான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு டிராலியில் ஏறினேன்.